வலது கைக்கு நான்கு மீன்

முதலில் நான் செருப்பைத்தான் சந்தேகப்பட்டேன். கோலா சாவா பக்கத்தில் ஓர் எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் இருபத்திரண்டு ஆண்டுகளாகத் தராசு கிராணியாக இருக்கிறேன். குலை ஏற்றி வரும் லோரிகளை எடை போட்டுச் சீட்டு அடித்துக் கொடுப்பது என் வேலை. அன்று காலை தராசு அறையின் படியேறும்போது கால் விரல்களில் எறும்பு ஊர்வதுபோல் இருந்தது. செருப்பு புதிது, ரப்பர் சரியில்லை என்று நினைத்துக்கொண்டேன். மத்தியானம் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலைத் தரையில் வைத்தேன். சிமெண்டு குளிர்கிறதா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை.

பத்து நாளைக்கு முன்பு வயிற்றுப்போக்கு வந்து போயிருந்தது. அதற்கும் இதற்கும் முடிச்சுப் போட யாருக்குத் தோன்றும்?

மறுநாள் மரமரப்பு முழங்கால் வரை ஏறியது. அதற்கு மறுநாள் மோட்டார் சைக்கிளிலிருந்து இறங்கும்போது கால் மடங்கி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். என் கணவர் செல்வம் சிரித்தார். நானும் சிரித்தேன். தூக்கி நிறுத்தினார், மறுபடியும் மடங்கியது. பிறகு இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

சிரம்பானில் மருத்துவமனைக்குப் போய் எண் வாங்கிக்கொண்டு நான்கு மணி நேரம் காத்திருந்தோம். எதிரே ஒரு கைக்குழந்தை அழுதுகொண்டே இருந்தது. அதன் அம்மா அடிக்கடி என்னைப் பார்த்து மன்னிப்புக் கேட்பதுபோல் சிரித்தாள். உள்ளே போனதும் டாக்டர் என் முழங்காலுக்குக் கீழே ரப்பர் சுத்தியலால் தட்டினார். தட்டினால் கால் தானாக ஆட வேண்டுமாம். ஆடவில்லை. இன்னொரு டாக்டரைக் கூப்பிட்டார், அவரும் தட்டினார். யாருடைய காலையோ யாரோ தட்டுகிறார்கள் என்பதுபோல நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நோயின் பெயர் கில்லன் பாரே. பெயரைக் கேட்டதும் செல்வம் எழுதிக்கொள்ளச் சட்டைப்பையில் பேனா தேடினார். டாக்டர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். கிருமியை எதிர்க்க உடம்புக்குள் ஒரு காவல் இருக்கிறது. வயிற்றுக்குள் வந்த கிருமியை விரட்டிய பிறகும் அந்தக் காவல் அடங்காமல் சொந்த நரம்பையே எதிரி என்று நினைத்துத் தாக்க ஆரம்பித்துவிட்டது. மின்கம்பிக்கு மேல் ரப்பர் இருப்பதுபோல நரம்புக்கும் ஓர் உறை உண்டு. அது உரிந்துபோனால் மூளை சொல்வது கைகாலுக்குப் போய்ச் சேராது. உறை மறுபடியும் வளரும், ஆனால் மெதுவாக வளரும். முழுதாக வளருமா என்று கேட்டேன். பெரும்பாலும் வளரும் என்றார். அந்தப் பெரும்பாலும் என்ற சொல்லை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். கைகால்களில் சின்னச் சின்னதாக மின்சாரம் வைத்து நரம்பு எவ்வளவு வேகத்தில் பதில் சொல்கிறது என்று பார்த்தார்கள். இவற்றையெல்லாம்விட எனக்கு நினைவில் நிற்பது எண்ணிக்கைதான். ஒரே மூச்சில் எத்தனை வரை எண்ண முடிகிறது என்று தினமும் கேட்பார்கள். மூச்சுக்கான தசை தளர்கிறதா என்று தெரிந்துகொள்ள அது ஓர் எளிய வழி. முதல் நாள் முப்பத்திரண்டு வரை எண்ணினேன். மறுநாள் பத்தொன்பது. மூன்றாம் நாள் பதினொன்றில் நின்றுபோனது. அன்று மாலையே தீவிரக் கண்காணிப்புப் பிரிவுக்குக் கொண்டுபோய்த் தொண்டையில் குழாய் போட்டு இயந்திரத்தில் மாட்டினார்கள்.

பயந்தீர்களா என்று இன்றைக்கும் எல்லாரும் கேட்கிறார்கள். பயந்தேன் என்று சொன்னால் கேட்பவருக்குத் திருப்தியாக இருக்கும். ஆனால் நான் பயப்படவில்லை. தைரியம் என்று நினைத்துவிடாதீர்கள். பயப்படவும் உடம்பில் கொஞ்சம் உயிர் வேண்டும். கால் மரத்ததுபோல் மனசும் மரத்துக் கிடந்தது. பலர் கொடுத்த ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த மருந்தை ஐந்து நாள் பாட்டில் பாட்டிலாக ஏற்றினார்கள். நான் கூரையில் இருந்த சதுரங்களை எண்ணினேன். அறுபத்து நான்கு.

செல்வம் வேறு ஒரு கம்பெனிக்கு லோரி ஓட்டுகிறார். வேலை முடிந்து தினமும் கோலா சாவாவிலிருந்து மோட்டாரில் வருவார். வந்ததும் என் காலடியில் நின்று ஒவ்வொரு விரலாகப் பிடித்து எண்ணெய் தேய்ப்பார். அவர் எந்த விரலைப் பிடித்திருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வேன். சுண்டுவிரலுக்கு வரும்போது வாயைக் குவித்துக்கொள்வார்.

குழாய் இருந்தால் பேச முடியாது. கையும் எழாது. இடது ஆள்காட்டி விரல் மட்டும் கொஞ்சம் அசைந்தது. அந்த ஒரு விரலை நம்பித்தான் நஸ்ரீன் வந்தாள். கைகளுக்குப் பயிற்சி கொடுக்கும் சிகிச்சையாளர் அவள். ரெம்பாவில் அவள் அப்பா சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். வயது முப்பது இருக்கும். நோயாளிகள் எல்லாரும் மிஸ் என்று கூப்பிடுவோம். ஒரு தட்டைக் கணினியைக் கட்டிலுக்கு மேலே தாங்கியில் மாட்டினாள். அதில் படங்கள் இருந்தன. தண்ணீர்ப் படத்தைத் தொட்டால், "எனக்குத் தண்ணி வேணும்" என்று தமிழில் சொல்லும். மலாயும் ஆங்கிலமும்தான் அதில் முதலில் இருந்ததாம். தமிழ் நோயாளிகளுக்காக அவளே தன் குரலில் பதிந்து வைத்திருந்தாள்.

முதல் நாளே நான் கழிப்பறைப் படத்தைத் தொட்டேன். "எனக்கு டாய்லெட் வருது" என்று நஸ்ரீனின் கணீர்க் குரல் அறை முழுக்கக் கேட்டது. எதிர்க்கட்டில்காரரைப் பார்க்க வந்த ஆண்கள் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு இரண்டு நாள் நான் எந்தப் படத்தையும் தொடவில்லை. ஏன் என்று நஸ்ரீன் ஒரு மாதிரி ஊகித்துவிட்டாள். சத்தத்தை நிறுத்திவிட்டு எழுத்துப் பலகையைத் திறந்தாள்.

"இனிமே இது சத்தம் போடாதுக்கா. நீங்க எழுதுறத நீங்க கூப்பிடுற ஆளு மட்டும் படிப்பாங்க. படிச்சதும் இந்த மூலையத் தொட்டா அழிஞ்சிடும். வேற எங்கயும் போய் உக்காராது. பேரு, ஐசி கார்டு நம்பரு ஒண்ணும் இதுக்குத் தெரியாது லா."

ஒரு விரலால் கால்மணி நேரம் எடுத்து எழுதினேன். எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை, அழுகை கூட வரவில்லை, எனக்குப் பைத்தியமா என்று. அவள் படித்தாள். "இல்லக்கா. இதுல நெறைய பேருக்கு இப்படித்தான் இருக்கும். டாக்டர் கிட்ட சொல்லவா?" என்று கேட்டாள். கண்ணை ஒருமுறை மூடினேன். அது சரி என்று அர்த்தம். மூலையைத் தொட்டு நானே அழித்தேன். செல்வத்துக்கு இது இன்றுவரை தெரியாது. இதைப் படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.

ஒன்பதாம் நாள் குழாயை எடுத்தார்கள். குரல் கரகரப்பாகத் திரும்பி வந்தது. அடுத்த வாரம் மறுவாழ்வு வார்டுக்கு மாற்றினார்கள். இடது கை நன்றாகவே தேறியது. வலது கை மட்டும் கேட்கவில்லை. என் வேலைக்கு வேண்டியது அந்தக் கை. எண்களை விசைப்பலகையில் தட்டவும் சீட்டைக் கிழித்து ஜன்னல் வழியே நீட்டவும் இருபத்திரண்டு ஆண்டு பழகிய கை அது. நாங்கள் இருக்கும் வீடும் அந்த வேலைக்காகத் தோட்டம் கொடுத்த வீடு. வேலை போனால் வீடும் போகும். ஜொகூரில் படிக்கும் மகள் விடுமுறைக்கு வர வேறு இடம் எங்களுக்கு இல்லை.

கைக்கு நஸ்ரீன் கொடுத்த மருந்து ஒரு விளையாட்டு. என் கைப்பேசியிலேயே போட்டுக் கொடுத்தாள். திரையில் மீன்கள் நீந்தும், விரலால் தொட்டுப் பிடிக்க வேண்டும். பிடிக்கப் பிடிக்க மீன் சிறிதாகும், வேகமும் கூடும். இடது கைக்கு ஒரு சுற்று, வலது கைக்கு ஒரு சுற்று. ஒவ்வொரு மீனுக்கும் ஒரு பெண் குரல் "பாகுஸ்" என்று மலாயில் பாராட்டும். நாற்பத்தைந்து வயதில் மீன் தொட்டுப் பாராட்டு வாங்க வேண்டியிருக்கிறதே என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

"கேமரா உங்க கைய மட்டும் பாக்கும்க்கா, எப்படி நீட்டுறீங்க, எங்க நடுங்குதுன்னு. படத்த எங்கயும் அனுப்பாது. பாயிண்ட்ஸு இந்தப் போன்லயே கெடக்கும். எனக்கு ஒரு காப்பி வரும், அதுவும் நீங்க சரின்னு சொன்னாத்தான். வேற யாருக்குக் காட்டுறதுன்னு கேக்கும். அது உங்க இஷ்டம்."

இஷ்டம் என்னுடையதுதான். அமுக்கும் விரல் செல்வத்தினுடையது. அங்கேதான் கோளாறு ஆரம்பித்தது.

தோட்டத்தில் எங்களுக்கு 'தீம்பாங்' என்று ஒரு கைப்பேசிக் குழு உண்டு. மலாயில் எடை போடுவது என்று பொருள். மேனேஜர், வேலையை மேற்பார்க்கும் மண்டோர்கள், லோரி டிரைவர்கள் என்று நாற்பது பேருக்கு மேல் இருப்பார்கள். எந்த லோரி கிளம்பியது, எத்தனை டன் என்று சீட்டைப் படம் எடுத்துப் போடுவார்கள். என் கைப்பேசியில் எப்போதும் மேலே நிற்பது அந்தக் குழு. யாருக்குக் காட்டுவது என்று விளையாட்டு கேட்டபோதும் அதுதான் மேலே வந்தது.

"ஒவ்வொருத்தனுக்கா போன்ல சொல்லி வாய் வலிக்குது ராஜி. இதுல போட்டா எல்லாரும் பாத்துக்குவாங்க லா" என்றார் செல்வம்.

நான் சரி என்று சொன்னேனா, சும்மா இருந்தேனா, நினைவில்லை. அந்த நாட்களில் எதைக் கேட்டாலும் எனக்குச் சரிதான். அன்று முதல் குலை லோரிப் படங்களுக்கு நடுவே என் கையும் தினமும் வந்தது. வலது 2, இடது 14. வலது 5, இடது 19. மணியம் என்ற டிரைவர், "கிராணியக்கா, இன்னைக்கு மீனு கம்மி, கடல்ல மழையா?" என்று எழுதுவார். வலது ஒன்பதைத் தொட்ட அன்று கைதட்டும் படங்கள் வரிசையாக வந்தன. என்மேல் உள்ள அன்பினால்தான் அனுப்பினார்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் என் விரல் நடுங்குவதற்கு மண்டோர் கைதட்டுகிறார் என்று நினைத்தபோது போர்வைக்குள் கையை இழுத்துக்கொள்ளலாம் போல இருந்தது. இழுக்கவும் வலது கைக்கு வலுவில்லை.

அடுத்த நாள் களைப்பு. ஒன்பது நான்காக இறங்கியது. குழுவில் யாரும் ஒன்றும் எழுதவில்லை. மேனேஜர் மட்டும் செல்வத்துக்குத் தனியாக எழுதியிருக்கிறார். வலது கை எப்படி இருக்கிறது, தற்காலிக ஆள் மாதக் கடைசி வரைதான், ஒன்றாம் தேதி வர முடியுமா முடியாதா என்று. இதைச் செல்வம் என்னிடம் சொல்லவில்லை.

அதற்கு மறுநாள் மாலை நான் தூங்கி எழுந்தபோது வலது 31 என்று இருந்தது.

குழு திருவிழாவாகிவிட்டது. "இன்னைக்கு வீட்டுல மீன் கறிதான்" என்று மணியம் எழுதினார். மேனேஜர் எல்லாரும் பார்க்கவே எழுதினார்: சியுக்கூர், ஒன்றாம் தேதி சந்திப்போம். சியுக்கூர் என்றால் கடவுளுக்கு நன்றி. ரெம்பாவில் வேலையாக இருந்த நஸ்ரீன்கூடப் போன் செய்தாள். "முப்பத்தொண்ணாக்கா? நாளைக்கு வந்து கையப் பாக்குறேன்." சந்தோஷமும் சந்தேகமும் பாதிப்பாதியாக அந்தக் குரலில் இருந்தன.

நான் செல்வத்தைப் பார்த்தேன். அவர் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்.

"யாரு புடிச்ச மீனு?"

"நீதான் புடிச்ச. தூக்கத்துல..." என்று ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். பிறகு மேனேஜர் எழுதியதைக் காட்டினார். "அந்த மிஸ்ஸு கிட்ட நெசத்தச் சொல்லிக்கலாம் ராஜி. வைத்தியம் கெடக் கூடாதுல்ல. மேனேஜருக்கு மட்டும் தெரிய வேணாம். ஒண்ணாந்தேதி நீ போய் நாக்காலியில உக்காரு. நான் லீவு போட்டுப் பக்கத்துல நின்னு தட்டிக் குடுக்குறேன். கை வந்ததும் நீ பாத்துக்க. யாருக்குத் தெரியும்?"

அவர் கெட்ட மனிதர் இல்லை. மகளின் பள்ளிக்கூட வீட்டுப்பாடத்தைக்கூடச் சில நாள் அவர்தான் எழுதிக் கொடுப்பார். பிள்ளை தூங்கட்டும் என்பார்.

எங்கள் தராசு தரையோடு தரையாகப் பதித்த இரும்பு மேடை. லோரி ஏறி நின்றதும் டிரைவரும் உதவியாளும் இறங்கி மஞ்சள் கோட்டுக்கு அப்பால் போய் நிற்க வேண்டும். ஒரு கால் மேடையில் இருந்தாலும் எடை கூடும். குலை வெட்டுகிறவர்களின் சம்பளத்தை அந்த எடையை வைத்துத்தான் போடுகிறார்கள். ஒருவருக்குக் கூட்டிப் போட்டால் அடுத்தவர் சீட்டையும் யாரும் நம்பமாட்டார்கள். செல்வத்தை நான் முதலில் பார்த்ததே அப்படித்தான். அப்போது எங்கள் தோட்டத்து லோரியில் உதவியாளாக இருந்தார். ஒரு காலைத் தரையிலும் இன்னொரு காலை மேடையிலும் வைத்துச் சிகரெட் பற்றவைத்துக்கொண்டிருந்தார். ஜன்னல் வழியே கத்தினேன். ஒரு வாரம் என்னை முறைத்தார். அதற்கடுத்த மாதம் பெண் கேட்டு ஆள் அனுப்பினார்.

"தராசுலேர்ந்து கால எடுங்க" என்றேன். குழாய் போட்ட தொண்டையில் வந்த கரகரப்பில் அது கெஞ்சுவதுபோல் கேட்டது. ஆனால் அவருக்குப் புரிந்தது. உரித்த ஆரஞ்சை அப்படியே வைத்துவிட்டு வெளியே போனார். அன்று விரல்களுக்கு எண்ணெய் தேய்க்க அவர் வரவில்லை. இருபது வருஷத்தில் அவரை அப்படி அனுப்பியது அதுதான் முதல் தடவை. எனக்கு உள்ளே ஏதோ வலித்தது. பல வாரங்களுக்குப் பிறகு வலி என்று ஒன்று வந்ததே என்றும் தோன்றியது.

மறுநாள் நஸ்ரீன் வந்தாள். செல்வமும் வந்திருந்தார். அவள் முன்னால் வலது கையால் விளையாடினேன். நான்கு மீன். அவள் திட்டவில்லை, செல்வத்தைப் பார்க்கவும் இல்லை. திரையில் ஓர் இடத்தைத் திறந்து காட்டினாள். யார் யார் பார்க்கலாம் என்ற பட்டியல். அவள் பெயர், அதற்குக் கீழே தீம்பாங்.

"இத நீக்கிடவாக்கா?"

"இன்னைக்கு ஒரு நாளு போவட்டும் மிஸ். சரியான எடைய நான் சொல்லணும்."

வலது 4 என்ற படத்தைக் குழுவில் போடச் சொன்னேன். என் குரலையும் அதற்குக் கீழே பதிந்தேன். "முப்பத்தொண்ணு தப்பு. அது என் கை இல்ல. என் வலது கைக்கு நாலு மீனு. ஒண்ணாந்தேதி என்னால வர முடியாது. இனிமே இது இங்க வராது." யார் கை என்று சொல்லவில்லை. அது அவருடைய விஷயம், நாற்பது பேருக்குத் தெரிய வேண்டியதில்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்த செல்வம் தலையைக் குனிந்துகொண்டார்.

குழுவை நீக்க, பெயரின்மேல் விரலை வைத்து மூன்று வினாடி அமுக்க வேண்டும். வலது ஆள்காட்டி விரலால்தான் செய்வேன் என்று பிடிவாதம் பிடித்தேன். விரல் வழுக்கி வழுக்கி ஆறு தடவை தவறியது. செல்வத்தின் கை இரண்டு தடவை முன்னால் வந்து திரும்பிப் போனது. ஏழாவது தடவை பெயர் மறைந்தது. அதற்கு அந்தக் குரல் பாராட்டுச் சொல்லவில்லை.

அன்று முழுக்கக் குழுவில் லோரிப் படங்கள் மட்டும் வந்தன. மாலையில் மணியம், "சரி, கிராணியக்கா" என்று எழுதினார். அவ்வளவுதான்.

இரண்டு நாள் கழித்து மேனேஜர் நேரில் வந்தார். ஒரு பை ஆப்பிளை மேசையில் வைத்துவிட்டு மருந்துப் பாட்டில் தொங்கும் கம்பியைப் பார்த்துக்கொண்டே பேசினார். என் கையைப் பார்க்கவில்லை. அதற்கு நன்றி. மூன்று மாதம் பொறுப்பதாகச் சொன்னார். அதற்குள் கை சரியாகிவிட்டது என்று டாக்டர் கடிதம் கொடுத்தால் நாற்காலி எனக்கு. இல்லாவிட்டால் மேலிடத்துக்கு எழுதவேண்டி வரும், வீட்டையும் சேர்த்து. குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார். அவர் போன பிறகு நான் அழுதேன். செல்வம் பதறி நர்ஸைக் கூப்பிடப் போனார். வேண்டாம், அழ விடுங்கள் என்றேன்.

இப்போது வீட்டில் இருக்கிறேன். நான்கு கால் கம்பியைப் பிடித்துக்கொண்டு குளியலறை வரை நடக்கிறேன். இதைப் பாதி இடது கையால் தட்டினேன், பாதியைக் கைப்பேசியிடம் சொல்லி எழுத வைத்தேன். பாதங்களில் இன்னும் உணர்ச்சி முழுதாக வரவில்லை. டாக்டரைப் பார்க்கும் நாள் அடுத்த வாரம். கடிதம் கிடைக்குமா என்று எனக்குத் தெரியாது. அதை நினைத்தால் இப்போது பயமாக இருக்கிறது. பயப்பட முடிகிறது.

மாலை ஆறு மணிக்கு மீன் பிடிக்க உட்காருவேன். நான் கைப்பேசியை எடுத்ததும் செல்வம் தொலைக்காட்சியை நிறுத்துவார். எழுந்து அடுப்படி வாசலுக்குப் போய், இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு, முதுகைக் காட்டி நின்றுவிடுவார். எங்கள் வீட்டில் மஞ்சள் கோடு கிடையாது. முடிந்ததும் எத்தனை என்று அவர் கேட்பதில்லை.

நீங்கள் கேட்பீர்கள். உங்களுக்குச் சொல்ல மாட்டேன். நேற்று ஆட்டம் முடிந்ததும் அவரைக் கூப்பிட்டு, குனியச் சொல்லி, காதோடு அவருக்கு மட்டும் சொன்னேன்.